ஃப்ரீலான்சருக்குப் பணம் தாமதமானால்: உத்யம் பதிவு முதல் சமாதான் மனு வரை

வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு, நிரல் எழுதுதல், வீடியோ எடிட்டிங் என்று தனியாளாக வேலை எடுத்துச் செய்பவர்களில் பலருக்கு, வேலை பிடிப்பதைவிடச் செய்த வேலைக்குக் காசு வாங்குவதுதான் பெரும்பாடு. "அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம்" என்ற பதிலை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், தங்களுக்குச் சட்டத்தில் எந்த வழியும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வழி இருக்கிறது, அதுவும் நல்ல வலுவான வழி. ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால் சில தாள்கள் சரியான தேதியில் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். பணம் நின்றுபோன பிறகு பழைய தேதியில் அவற்றை உண்டாக்க முடியாது. அதனால்தான் இங்கே பாதிக்கு மேற்பட்ட படிகள் வேலை தொடங்குவதற்கு முன்பும் வேலை நடக்கும்போதும் செய்ய வேண்டியவை.

கீழே உள்ளது இந்தியாவில் இருக்கும் கிளையண்டுகளுக்கு, சொந்தப் பெயரிலோ ஒற்றை உரிமையாளர் நிறுவனமாகவோ வேலை செய்பவர்களுக்கானது. வெளிநாட்டுக் கிளையண்டுகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

1. முதல் வேலைக்கு முன்பே உத்யம் பதிவு

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 (சுருக்கமாக எம்எஸ்எம்இடி சட்டம்). தாமதமான பணத்துக்கு ஃப்ரீலான்சருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஆயுதம் இதுதான். தொழிற்சாலை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று பலரும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். சேவை தருபவர்களுக்கும் இது பொருந்தும். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாய்க்குள்ளும் கருவி முதலீடு 2.5 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். ஒரு மடிக்கணினியோடு வேலை செய்பவர் தாராளமாக இதற்குள் வந்துவிடுவார்.

இந்தச் சட்டத்தின்படி குறு நிறுவனமாகப் பதிந்துகொள்வதுதான் உத்யம் பதிவு. அது மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் நடக்கிறது. தேவைப்படுபவை: ஆதார் எண், அதோடு இணைத்த கைபேசி, பான் எண், வங்கிக் கணக்கு எண், முகவரி, உங்கள் தொழிலுக்கான என்ஐசி குறியீடு (தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்). ஜிஎஸ்டி பதிவு உங்களுக்குச் சட்டப்படி கட்டாயமாக இருந்தால் மட்டுமே அந்த எண். தாள் எதையும் பதிவேற்ற வேண்டாம். எல்லாமே சுய உறுதிமொழி. விவரங்கள் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. கட்டணம் எதுவும் இல்லை.

இங்கே மூன்று இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, தேடுபொறியில் மேலே வரும் தனியார் தளங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கிவிடுவார்கள். முகவரி அரசுத் தளங்களுக்கான முடிவோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைத் தட்டுங்கள்.

இரண்டாவது, தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம். "வணிகம்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு கிடைக்காது; வணிகர்களுக்கு முன்னுரிமைக் கடன் வசதி மட்டும்தான். "சேவை" என்பதையே தேர்ந்தெடுங்கள். என்ஐசி பட்டியலில் கணினி நிரல் வேலை 62 என்ற பிரிவில், வடிவமைப்பு 7410இல், புகைப்படம் 7420இல் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகளையும் சேர்க்கலாம். நீங்கள் செய்யும் எல்லா வகை வேலையையும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய இழப்பு: பணம் நின்ற பிறகு பதிவு செய்வது. வேலையை ஒப்படைத்த பிறகு பதிவு செய்தவர் அந்தப் பழைய வேலைக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இலும் 2022இலும் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதன் முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்குப் பிரச்சினை வராமலிருக்க ஒரே வழி, இன்றைக்கே பதிவு செய்துகொள்வது.

2. வேலையை எழுத்தில் உறுதி செய்தல்

முத்திரைத் தாளில் பத்துப் பக்க ஒப்பந்தம் வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல், அதற்குக் கிளையண்டின் "சரி" என்ற பதில், இது போதும். மின்னணு முறையில் உருவான ஒப்பந்தம் அந்தக் காரணத்துக்காகவே செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 சொல்கிறது. தொலைபேசியில் பேசி முடித்த வேலையாக இருந்தாலும் அன்று மாலையே "இன்று பேசியதன் சுருக்கம்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குங்கள். பதில் வந்த பிறகுதான் வேலை.

அந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டியவை இவை. என்ன வேலை, எத்தனை பக்கம் அல்லது எத்தனை நிமிடம் அல்லது எத்தனை திரை. எத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு. மொத்தத் தொகை, அது ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். இன்வாய்ஸ் தேதியிலிருந்து எத்தனை நாளில் பணம். கருத்துச் சொல்லக் கிளையண்டுக்கு எத்தனை நாள். முழுப் பணமும் வந்த பிறகே பதிப்புரிமை மாறும் என்ற வரி. உங்கள் உத்யம் எண்.

பண நாள்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தில் எதுவும் இல்லையென்றால், வேலையை ஒப்படைத்து 15 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் இருந்தாலும் 45 நாள்களைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் 60 நாள், 90 நாள் என்று அச்சடித்தே வைத்திருப்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேற்பட்ட பகுதி உத்யம் பதிவு உள்ளவரிடம் செல்லாது. அதை முதல் நாளே சண்டையாக்க வேண்டாம். "உத்யம் பதிவு உள்ளதால் 45 நாள் என்று திருத்திக் கொடுத்தால் உங்கள் ஆடிட்டருக்கும் வசதி" என்று கேளுங்கள். ஆடிட்டர் என்ற சொல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது 6ஆம் படியில் வருகிறது.

யாரிடம் பதில் வாங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். உங்களுக்கு வேலை கொடுப்பவர் ஒருவர், பணம் விடுவிப்பவர் வேறொருவர். நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து, பதவியோடு பதில் வர வேண்டும். தனிப்பட்ட ஜிமெயிலிலிருந்து வந்த "ஓகே"யை, "அவர் எங்கள் ஊழியரே இல்லை" என்று நாளைக்கு நிறுவனம் மறுத்துவிடலாம். நிறுவனத்தின் சரியான சட்டப் பெயர், ஜிஎஸ்டி எண், பதிவு முகவரி மூன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அனுப்பும் நாளில் பிராண்டு பெயர் மட்டும் தெரிந்திருந்தால் பயனில்லை.

3. அட்வான்ஸும் தவணைகளும்

புதிய கிளையண்டிடம் பாதித் தொகை அட்வான்ஸ் கேளுங்கள். அட்வான்ஸே தர மறுப்பவர் வேலை முடிந்த பிறகு முழுப் பணத்தையும் தருவார் என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீளும் வேலையென்றால் 40, 30, 30 என்று பிரித்து, ஒவ்வொரு தவணையையும் உங்கள் கையில் இருக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள். "முதல் வரைவு அனுப்பிய நாள்" என்பது நல்ல மைல்கல். "தளம் வெளியான நாள்" என்பது ஆபத்தானது, ஏனென்றால் வெளியிடுவது கிளையண்டின் கையில் இருக்கிறது. அவர் ஆறு மாதம் வெளியிடாமல் வைத்திருந்தால் உங்கள் கடைசித் தவணையும் ஆறு மாதம் தூங்கும்.

பழைய கிளையண்ட் என்பதற்காக அட்வான்ஸை விட்டுக்கொடுத்தால் அதற்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள். ஒரே கிளையண்டிடம் நிலுவை உங்கள் ஒரு மாதச் செலவைத் தாண்டினால் அடுத்த வேலையைத் தொடங்குவதில்லை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு.

4. கிளையண்டே தாமதப்படுத்தும்போது

பணம் தாமதமாவதற்கு முன்னாலேயே வேலை தாமதமாகும். உள்ளடக்கம் தர மாட்டார்கள், லோகோ அனுப்ப மாட்டார்கள், வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் காத்திருப்பீர்கள். கடைசியில் "நீங்கள்தான் தாமதம்" என்று பில்லில் கழிப்பார்கள்.

இதற்கு மருந்து தேதி போட்ட மின்னஞ்சல்தான். வரைவு அனுப்பும்போதே, "7 நாள்களுக்குள் திருத்தம் வராவிட்டால் இந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகக் கொண்டு இன்வாய்ஸ் அனுப்புவேன்" என்று எழுதுங்கள். கிளையண்ட் தர வேண்டிய பொருள்கள் வராமல் நின்றால், "உங்களிடமிருந்து இவை வர வேண்டியுள்ளன, வந்த நாளிலிருந்து 10 வேலை நாள்களில் முடித்துத் தருகிறேன்" என்று எழுதுங்கள். உங்கள் ஒப்படைப்புத் தேதி இப்படித் தானாகவே தள்ளிப்போகிறது. 15 நாள் எந்தப் பதிலும் இல்லையென்றால், அதுவரை முடித்த வேலைக்கு இன்வாய்ஸ் போட்டுவிட்டு உங்கள் நாட்களை வேறு வேலைக்குக் கொடுங்கள். மறுபடி தொடங்கும்போது புதிய அட்டவணை என்பதையும் அதே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.

சட்டத்திலும் இதற்கு ஆதரவு உண்டு. வேலையை ஒப்படைத்து 15 நாள்களுக்குள் கிளையண்ட் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்டதும் "வேலையின் தரம் சரியில்லை" என்று தொடங்குபவர்களுக்கு இதுதான் பதில். அதற்காகவே ஒப்படைப்பு எப்போதும் மின்னஞ்சலில் நடக்க வேண்டும். கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், டிரைவில் பகிர்ந்தாலும், "இன்று இந்தக் கோப்புகளை ஒப்படைத்தேன்" என்று ஒரு தனி மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

5. இன்வாய்ஸைத் திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள்

தாமதங்களில் ஒரு பெரும் பகுதிக்குக் கெட்ட எண்ணம் காரணமில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு விவரம் குறைகிறது, இன்வாய்ஸ் ஓரமாக வைக்கப்படுகிறது, யாரும் உங்களிடம் சொல்வதில்லை. வேலை எடுத்த வாரமே "உங்கள் நிறுவனத்தில் வெண்டர் பதிவுக்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்டு வாங்குங்கள். பொதுவாகக் கேட்பவை: பான் நகல், ரத்து செய்த காசோலை, உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ். சேவை தருபவருக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டும்வரை பெரும்பாலான மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அப்படியிருந்தால் "பதிவு தேவைப்படும் வரம்புக்குள் இல்லை" என்று ஒரு கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் போதும். பதிவு இல்லாமல் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது.

இன்வாய்ஸில் வரிசை எண், தேதி, கிளையண்டின் சட்டப் பெயரும் முகவரியும், பர்ச்சேஸ் ஆர்டர் எண், செய்த வேலை, ஒப்படைத்த தேதி, தொகை, வங்கி விவரம், பான், உத்யம் எண் எல்லாம் இருக்கட்டும். "30 நாளில்" என்று எழுதாமல் பணம் வர வேண்டிய கடைசித் தேதியையே எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி: "தாமதத்துக்கு எம்எஸ்எம்இடி சட்டம் 2006இன் 16ஆம் பிரிவின்படி வட்டி பொருந்தும்."

எப்போது அனுப்புவது? பல நிறுவனங்கள் மாதத்தில் ஓரிரு நாள்களில் மட்டுமே பணம் விடுவிக்கும். அந்த நாள் எது, அதற்கு எத்தனை நாள் முன்பு இன்வாய்ஸ் போய்ச் சேர வேண்டும் என்று அக்கவுண்ட்ஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் பிந்தினால் ஒரு மாதம் போய்விடும்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. வரி இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கே வரி கட்ட வேண்டும். கிளையண்ட் பணம் தந்தாரா இல்லையா என்பது கணக்கில் வராது. ஒரு லட்ச ரூபாய் வேலைக்கு 18,000 ரூபாய் உங்கள் கைக்காசு. வேலைக்கு முன் அட்வான்ஸ் கேட்கும்போது ப்ரோஃபார்மா இன்வாய்ஸ் (வரி இன்வாய்ஸ் அல்லாத முன்கூட்டிய பில்) அனுப்பி, பணம் வந்ததும் உரிய ரசீது கொடுப்பது நல்லது. ஆனால் முடித்த வேலைக்கு வரி இன்வாய்ஸைத் தள்ளிப்போட முடியாது; சேவை முடிந்த 30 நாள்களுக்குள் போட வேண்டும்.

டிடிஎஸ் (வருமான வரிக்காகக் கிளையண்ட் பிடித்து அரசுக்குக் கட்டும் தொகை) பிடித்தம் போக வருவதைக் "குறைத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்று எண்ணிவிடாதீர்கள். தொழில்முறைச் சேவைக்கு 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவைக்கு 2 சதவீதம். ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது பிடிப்பார்கள். இன்வாய்ஸில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடித்தம் கிடையாது. ஆக 1,00,000 ரூபாய்க்கும் 18,000 ஜிஎஸ்டிக்கும் இன்வாய்ஸ் போட்டால், 10 சதவீதப் பிடித்தம் போக உங்கள் கணக்குக்கு 1,08,000 வர வேண்டும். பான் எண் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

இதிலேயே ஒரு நல்ல சாட்சியும் ஒளிந்திருக்கிறது. நிறுவனம் உங்கள் தொகையைத் தன் கணக்கில் வரவு வைத்தாலே, பணம் தராவிட்டாலும் டிடிஎஸ் கட்ட வேண்டும். எனவே பணம் வராத இன்வாய்ஸுக்கான டிடிஎஸ் உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரிந்தால், அந்தக் கடனை அவர்கள் தங்கள் புத்தகத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். அந்தப் பக்கத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டு முடிந்து அடுத்த மாத இறுதிக்குள் இந்த விவரம் தாக்கலாக வேண்டும். மார்ச் காலாண்டுக்கு மட்டும் மே 31 வரை.

6. நினைவூட்டலுக்கு நாள் குறியுங்கள்

மனதுக்குத் தோன்றும்போது கேட்பது, கோபம் வரும்போது கேட்பது, கூச்சப்பட்டுக் கேட்காமலே இருப்பது மூன்றும் உதவாது. இன்வாய்ஸ் அனுப்பும் அன்றே நாட்காட்டியில் ஐந்து தேதிகளைக் குறித்துவிடுங்கள்.

கெடு தேதிக்கு 5 நாள் முன்பு, அக்கவுண்ட்ஸுக்கு: "வணக்கம் சார். 27ஆம் எண் இன்வாய்ஸ் வரும் 20ஆம் தேதி கெடு. உங்கள் தரப்பில் ஏதாவது ஆவணம் தேவைப்படுகிறதா என்று உறுதிசெய்தால் உடனே அனுப்பிவிடுவேன்." இதில் பணம் கேட்கவே இல்லை. ஆனால் இன்வாய்ஸ் எங்கேயாவது சிக்கியிருந்தால் இந்த நாளிலேயே தெரிந்துவிடும்.

கெடு முடிந்த மறுநாள், அதே மின்னஞ்சல் தொடரில்: "நேற்று கெடு முடிந்தது. பணம் எந்தத் தேதியில் வரும் என்று தெரிவியுங்கள்." எப்போதும் தேதியைக் கேளுங்கள். "சீக்கிரம்", "இந்த வாரம்" என்று பதில் வந்தால், "அப்படியானால் வெள்ளிக்கிழமை 26ஆம் தேதி என்று குறித்துக்கொள்கிறேன்" என்று திருப்பி எழுதுங்கள்.

7ஆம் நாள் தொலைபேசி. பேசி முடித்ததும் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு வேலை கொடுத்தவரையும் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அவருடைய ஒப்புதல் இல்லாமல்தான் இன்வாய்ஸ் நிற்கும், அது அவருக்கே தெரிந்திருக்காது.

15ஆம் நாள் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பாளருக்கு. இந்தக் கடிதத்தில்தான் சட்டம் முதன்முதலாக வருகிறது. மிரட்டலாக எழுத வேண்டாம். அவர்களுக்கே ஏற்படும் இழப்பை எடுத்துச் சொல்வது போல எழுதுங்கள். அந்த இழப்புகள் உண்மையானவை. வருமான வரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட விதி, பழைய சட்ட எண்ணில் 43பி(எச்), இதைத்தான் செய்கிறது: குறு, சிறு நிறுவனத்துக்கு 15 அல்லது 45 நாள் கெடுவைத் தாண்டி நிலுவை வைத்தால், பணத்தை உண்மையில் தரும் ஆண்டில் மட்டுமே அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31 அன்று உங்கள் நிலுவை நின்றால் அந்தத் தொகைக்கும் சேர்த்து அவர்கள் வரி கட்ட வேண்டும். அதோடு, 45 நாளுக்கு மேல் குறு, சிறு நிறுவனங்களுக்கு நிலுவை வைத்திருக்கும் கம்பெனிகள் அதை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்எஸ்எம்இ படிவம் 1இல் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கறிக்கையிலும் காட்ட வேண்டும். ஆடிட்டர் இதைக் கேட்காமல் விடமாட்டார். ஜிஎஸ்டி பதிவு உள்ளவரானால் இன்னொன்றும் உண்டு: இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அவர்கள் எடுத்த உள்ளீட்டு வரியை (உங்கள் இன்வாய்ஸின் ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

பழைய நிலுவைகளை அழுத்திக் கேட்கப் பிப்ரவரி, மார்ச் மாதங்களை விடாதீர்கள். கணக்கு முடிக்கும் நேரத்தில் உங்கள் ஒரு பக்கக் கடிதம் ஆடிட்டர் மேசைக்குப் போய்ச் சேரும்.

30ஆம் நாள் இறுதி அறிவிப்பு. நிலுவைத் தொகை, கெடு, இன்று வரை வட்டி, இன்ன தேதிக்குள் வராவிட்டால் சமாதான் மனு (தாமதப் பணத்துக்கான அரசு இணையதளத்தில் போடும் மனு, 8ஆம் படியில் வருகிறது). வட்டியைக் கணக்கிட்டே எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் வட்டிக்கு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18, அதாவது மாதம் 1.5 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க்கு ஆறு மாதத்தில் சுமார் 9,344 ரூபாய். விகிதம் மாறிக்கொண்டிருக்கும் என்பதால் ரிசர்வ் வங்கித் தளத்தில் பார்த்துப் போடுங்கள்.

7. வேலையை நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

பணம் வரும்வரை இறுதிக் கோப்புகளைத் தராமல் வைத்திருக்கலாம். நீர்க்குறி இட்ட படம், குறைந்த தெளிவுள்ள வீடியோ, உங்கள் சோதனைச் சர்வரில் இருக்கும் தளம் ஆகியவற்றைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, பணம் வந்ததும் மூலக் கோப்புகளைத் தருவது முறையான வழி. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, ஊழியராக இல்லாமல் தனியாக எழுதிக் கொடுப்பவரின் எழுத்துக்கும் நிரலுக்கும் அவரே முதல் உரிமையாளர். எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை உரிமை அவரிடம்தான். காசுக்காக எடுத்துக் கொடுத்த புகைப்படம், ஓவியம், திரைப்படம் ஆகியவற்றில் நிலைமை தலைகீழ்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை வேலை கொடுத்தவருக்கே போகும். புகைப்படக்காரர்கள் "முழுப் பணம் வந்த பிறகே உரிமை மாறும்" என்ற வரியை ஒருபோதும் விடக்கூடாது.

செய்யவே கூடாதது ஒன்று: கிளையண்டின் சர்வருக்குள் புகுந்து தளத்தை முடக்குவது, கடவுச்சொல்லை மாற்றுவது, கோப்புகளை அழிப்பது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். சமூக ஊடகத்தில் பெயர் போட்டு எழுதுவதும் அவதூறு வழக்குக்கு வழி திறக்கும். அந்தக் கோபத்தை மனு எழுதுவதில் செலவிடுங்கள்.

8. சமாதான் மனு

எம்எஸ்எம்இ சமாதான் தளம் 2017 அக்டோபரில் தொடங்கியது. 2025 ஜூனில் இணையவழித் தகராறு தீர்வுக்கான புதிய அரசுத் தளமும் வந்திருக்கிறது. புதிய மனுக்களை எங்கே போட வேண்டும் என்பதைத் தளத்தின் முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நீங்களே மனு செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: உத்யம் எண், வேலை உறுதி மின்னஞ்சல் அல்லது பர்ச்சேஸ் ஆர்டர், ஒப்படைப்பு மின்னஞ்சல், இன்வாய்ஸ்கள், நினைவூட்டல் தொடர் முழுவதும், வட்டிக் கணக்கு, கிளையண்டின் சட்டப் பெயர், முகவரி, மின்னஞ்சல். எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி, முதல் பக்கத்தில் தேதிப் பட்டியல் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைத் திரைப்பிடியாக மட்டும் வைத்திருக்க வேண்டாம். ஏற்றுமதி செய்து வையுங்கள், அந்தக் கைபேசியையும் மாற்றிவிடாதீர்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் தேவைப்படும்.

மனு, உங்கள் தொழில் இருக்கும் மாநிலத்தின் வசதியாக்கக் குழுமத்துக்கு (இந்தத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு) போகும். கிளையண்ட் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய நான்கு இடங்களில் குழுமங்கள் உண்டு. முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு வந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகும் கிளையண்ட் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். விசாரணை வரை இழுக்காமல் சமரசத்திலேயே தீர்த்துக்கொள்ள நிறுவனங்களை நகர்த்துவது இந்த விதிதான்.

9. உத்யம் இல்லாமல் சிக்கிக்கொண்டால்

வழக்கறிஞர் நோட்டீஸை ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். அடுத்ததாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்துக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீரும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு.

அதுவும் பலிக்காவிட்டால் உரிமையியல் வழக்கு. எழுத்து ஒப்பந்தமும் தெளிவான தொகையும் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37இன் கீழ்ச் சுருக்க வழக்கு வேகமானது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறுகளுக்கு, அவசரத் தடை கோராத நிலையில், வழக்குக்கு முன் மத்தியஸ்தம் கட்டாயம். காலவரம்பு மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் கிளையண்ட் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, எழுத்துப் பதிவோடு ஒரு பகுதியைச் செலுத்தினாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள்.

காசோலை தந்து அது திரும்பிவிட்டால் வழி வேறு, கெடுக்களும் கறார்: வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், கிளையண்டுக்கு 15 நாள், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் புகார். இந்த வரிசையில் ஒரு கெடு தவறினாலும் வழக்கு பலவீனமாகிவிடும். திவால் சட்டத்தில் போடுகிறேன் என்று யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு நிலுவை குறைந்தது ஒரு கோடி இருக்க வேண்டும்.

10. வெளிநாட்டுக் கிளையண்ட்

மேலே சொன்ன குழுமம், வட்டி, வரி விதி எதுவும் இந்தியாவுக்கு வெளியே இருப்பவரைக் கட்டாது. சில ஆயிரம் டாலருக்காக வேறு நாட்டில் வழக்குப் போடுவது கட்டுப்படியாகாது. எனவே அட்வான்ஸ் விகிதத்தை உயர்த்துங்கள், தவணைகளைச் சிறியதாக்குங்கள், முதல் வேலையை எஸ்க்ரோ வசதியுள்ள (பணத்தை முன்பே வாங்கி வைத்து, வேலை முடிந்ததும் உங்களுக்கு விடுவிக்கும்) தளத்தின் வழியாகச் செய்யுங்கள். வங்கிப் பரிமாற்றச் செலவை யார் ஏற்பது என்பதை வேலை உறுதி மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

11. குறைத்துத் தர முன்வந்தால்

நோட்டீஸோ சமாதான் மனுவோ போன பிறகு "இவ்வளவு தருகிறோம், முடித்துக்கொள்ளலாம்" என்று அழைப்பு வரும். வட்டியை விட்டுக்கொடுத்து அசலை முழுதாக வாங்குவது பெரும்பாலும் நல்ல பேரம். அசலிலேயே குறைப்பதானால் உங்களுக்கு மிச்சமாகும் மாதங்களையும் வழக்குச் செலவையும் வைத்து முடிவு செய்யுங்கள். எதை ஒப்புக்கொண்டாலும் எழுத்தில் இருக்கட்டும்: தொகை, தேதி, டிடிஎஸ் போகவா சேர்த்தா, அந்தத் தேதியில் வராவிட்டால் முழு நிலுவையும் வட்டியும் மீண்டும் உயிர்பெறும் என்ற வரி. பணம் கணக்கில் ஏறிய பிறகே மனுவைத் திரும்பப் பெறுங்கள், பதிப்புரிமைக் கடிதத்தைக் கொடுங்கள். "முதலில் வாபஸ் வாங்குங்கள், மாலைக்குள் போட்டுவிடுகிறோம்" என்பதற்கு மட்டும் ஒருபோதும் இணங்க வேண்டாம்.